சீசாப் பாப்பாவின் பச்சைப் பாவாடை

அன்றைக்கு அந்த அக்கா காமிராவுக்கும் குழந்தைக்கும் நடுவே ஏன் நடந்து போனாள்?

அப்போது எனக்குப் பதினோரு வயது. கொல்லிமலையில் எங்கள் வீட்டுக்கு எதிரேதான் அது நடந்தது. என் கண்ணால் பார்த்தேன். பிறகு அவளிடமே கேட்டும் பார்த்தேன். இருந்தும் இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. விளையாட்டுப் பிள்ளையாக இருந்தபோது அது தெரியாமல் போனதில் நஷ்டமில்லை. இப்போது தெரிந்தே ஆக வேண்டியிருக்கிறது.

என் மகளுக்கு மூன்று வயது முடியப் போகிறது. சேலத்தில் என் கணவருக்குத் தெரிந்த ஒருவர் சோப்புக் கம்பெனி வைத்திருக்கிறார். குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு சோப்புப் போடப் போகிறாராம். அதன் மேலுறையில் ஒரு குழந்தையின் முகம் வேண்டுமாம். ஒரு கல்யாண வீட்டில் என் மகளைப் பார்த்தவர், அவள் கன்னத்துக் குழியைத் தொட்டு, "இந்த முகந்தான்" என்று சொல்லிவிட்டார். என் கணவர், "ஒரு போட்டோதானே, இதிலே என்ன இருக்கிறது?" என்கிறார். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "என் பேத்தி மூஞ்சி ஊர் ஊராப் போகப் போகுது" என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நான் காலையில் சரி என்று நினைக்கிறேன். மத்தியானம் அவளுக்குச் சோறு ஊட்டும்போது, வேண்டாம் என்று தோன்றுகிறது. நல்ல இடத்தில் நல்ல எண்ணத்தோடு கேட்கிறார்கள், மறுக்க எனக்கு என்ன காரணம் இருக்கிறது என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். அப்போதெல்லாம் அந்த அக்காதான் நினைவுக்கு வருகிறாள்.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்களும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர், சின்னவர், புருஷன், மாமியார் எல்லாருக்கும் அவள் 'சீசாப் பாப்பா'தான். இரண்டு பையன்களைப் பெற்று, வயலில் சாமை அறுத்து, வீட்டுக்கு மாட்டுச்சாணி மெழுகும் ஒரு பெண்ணைப் 'பாப்பா' என்று கூப்பிடுவது அங்கே யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை. நான் மட்டும் அக்கா என்று கூப்பிட்டேன்.

என் அப்பா பாரஸ்டு ஆபீஸில் குமாஸ்தா. மலை ஊர்களை நாடு நாடாகப் பிரித்துச் சொல்வார்கள்; அதில் வாழவந்தி நாட்டில் அவருக்கு வேலையானபோது நாங்களும் மலையேறினோம். மேலே போக அப்போது ரோடு கிடையாது, காலடிப் பாதைதான். அடிவாரத்திலிருந்து எங்கள் பாத்திரம் பண்டமெல்லாம் தலைச்சுமையாக வந்து சேர்ந்தன. சாமான்களோடு வந்த தேன் சீசா ஒன்றை அம்மா மாடத்தில் வைத்தாள். மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் மோர் கொண்டுவந்தாள். மோரை வைத்துவிட்டு நேராக மாடத்துக்குப் போனாள். முந்தானை நுனியால் சீசாவின் லேபிளைத் துடைத்தாள், பிள்ளைக்கு மூக்குத் துடைப்பது போல. பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "நானுங்க அது" என்றாள்.

லேபிளில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று சுருள்முடியும் பச்சைப் பாவாடையுமாக உட்கார்ந்திருந்தது. தலை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. வலது கை ஆள்காட்டி விரலில் தேன் பளபளத்தது.

அம்மா சீசாவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நாங்கள் பார்க்கப் பார்க்க அந்தப் பெண்ணின் தலை இடப்பக்கமாக, தானாக, மெல்லச் சாய்ந்தது. மோவாய் சற்று உயர்ந்தது. அப்படியே நின்றுவிட்டாள். அம்மா சிரித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிய பிறகுதான் தலை நிமிர்ந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல இந்த ஒன்று போதும். யாராவது அவளை உற்றுப் பார்த்தால் அவளால் அசைய முடியாது. பேச்சு வாக்கில் பார்ப்பதைச் சொல்லவில்லை. நிறுத்தி நிதானமாக யாராவது பார்த்தால் கை செய்துகொண்டிருந்த வேலை நின்றுவிடும், தலை சாயும், பார்க்கிறவர் பார்வையை எடுக்கும்வரை அப்படியே இருப்பாள். ஊர்ப் பையன்களுக்கு இது தெரியும். அவள் குடத்தோடு வரும்போது வரிசையாக நின்றுகொண்டு கண்ணை உருட்டிப் பார்ப்பார்கள். "அடேய், தண்ணி கனக்குதுடா, அந்தப் பக்கம் திரும்பித் தொலைங்கடா!" என்று தலை சாய்ந்தபடியே கெஞ்சுவாள். வாய் மட்டும் அசையும். கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும், குடம் பாதி காலியாகிவிடும்.

அந்த மலையில் பெண்கள் எதையும் தலையில்தான் சுமப்பார்கள். அக்கா மட்டும் முதுகில் கட்டிக்கொள்வாள், இல்லாவிட்டால் இடுப்பில் வைத்துக்கொள்வாள். அவள் மாமியாருக்கு இது பெரிய மானக்கேடு. "ஊருல ஒருத்தியாச்சும் முதுகுல சொமக்கறாளா? நீ என்ன பொதிக்கழுதையா?" என்று ஒருநாள் வைது, வளப்பூர் நாட்டுப் பக்கம் அவளோடு போய், அங்கே பறித்த பலாப்பழத்தை அவள் தலையிலேயே ஏற்றி அனுப்பினாள். அன்றைக்குப் பார்த்து ரேஞ்சர் ஐயா வந்திருந்தார். பெண்கள் வரிசையாகப் பழத்தோடு இறங்குவது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். பாதை ஓரம் ஒதுங்கி நின்று ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். அக்காவின் முறை வந்தது. தலை சாய்ந்தது. பழம் உருண்டு, சரிவில் தாவித் தாவிப் போய், கீழ்த் திருப்பத்தில் ஒரு பாறையில் மோதி வாய் பிளந்தது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்கு அன்று விருந்து.

"ஏம்மா, என்ன ஆச்சு?" என்று பதறினார் ரேஞ்சர்.

சாய்ந்த தலை சாய்ந்தபடி அக்கா சொன்னாள்: "நீங்க பாத்தீங்களே, சாமி."

அப்பா இதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அக்காவுக்கு அந்தப் படத்தின்மேல் வருத்தமில்லை. நிச்சயமாக இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் முகம் இருக்கும். தேன் தீர்ந்த பிறகும் யாரும் சீசாவைத் தூக்கிப் போட மாட்டார்கள் அல்லவா? ஒரு வீட்டில் மண்ணெண்ணெய், ஒரு வீட்டில் விளக்கெண்ணெய், ஒரு வீட்டில் மாட்டுக்குப் புகட்டும் கஷாயம். அக்கா போகிற இடமெல்லாம் அதைத் துடைப்பாள். "பாரு கண்ணு, எம் மூஞ்சிக்குள்ள மண்ணெண்ணெய ஊத்தி வெச்சிருக்காங்க. பத்தவெச்சா எரிஞ்சே போயிருவேன்" என்று சொல்லி, தானே முதலில் சிரிப்பாள்.

படம் எடுத்த கதையைப் பலாச்சுளை உரிக்கும்போது சொன்னாள். இருவர் கையிலும் பிசின் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம்.

"அப்ப எனக்கு மூணு வயசுன்னு சொல்லுவாங்க. எங்கய்யன் ஒரு தோள்ல தேன் கொடம், இன்னொரு தோள்ல நானுன்னு முள்ளுக்குறிச்சிக்கு எறங்கிப் போனாரு. அங்க ராவுத்தரு மண்டி. தேன், மொளகு எல்லாம் அவருதான் வாங்குவாரு. என்னையப் பாத்துட்டு, 'இந்தக் கண்ணைத்தானே தேடிட்டு இருந்தேன்'னாரு. அவங்க ஊட்டம்மா என்னையக் குளிப்பாட்டி, புதுப் பாவாடை கட்டி உட்டாங்க. படக்காரரு வந்தாரு. வெரல்ல தேனத் தடவுனா வழிஞ்சு ஓடுது. அதனால வெல்லப்பாகு காச்சித் தடவுனாங்க. அது தேனே இல்ல கண்ணு, தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன்.

"பாகுன்னா எறும்பு சும்மா இருக்குமா? மொதல்ல ஒண்ணு வந்துது. அப்புறம் சாரை சாரையா வந்துது. வெரலச் சுத்திக் கடிக்குது. எங்கய்யன் எதிர்ல நின்னுட்டு, 'அசையாதே சாமி, அசையாதே சாமி'ங்கறாரு. நான் அசையவே இல்ல."

பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்லுவது போலச் சொன்னாள்.

"அழுகை வரலையா அக்கா?"

"அழுதா மூஞ்சி அசையுமில்ல?"

அதன் பிறகு ஒவ்வொரு சந்தை நாளும் அவளை மண்டிக்கு அழைத்துப் போனார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, சுற்றிலும் தேன் சீசாக்கள், நடுவில் பாப்பா. வாங்க வந்தவர்கள் லேபிளைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கும்போது லேபிளில் இருப்பதுபோலத் தலையைச் சாய்க்க வேண்டும். 'அதே பாப்பா!' என்று ஆச்சரியப்படுவார்கள். மத்தியானம் ராவுத்தர் வீட்டிலிருந்து அவளுக்கென்று நெய்ச்சோறு வரும். ராவுத்தர் தம் கையால் பேரீச்சம்பழம் தருவார். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை என்பாள் அக்கா. "எங்கய்யனுக்கு அடுத்தபடி அவருதான்."

பிறகு பால்பல் விழுந்தது. முன்பற்கள் இரண்டும் ஒன்றாக. சந்தைக்கு வந்த ஒருவர், "என்ன ராவுத்தரே, பாப்பா பழசாயிடுச்சு போல!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த சந்தைக்குப் போனபோது முக்காலிமேல் எடைக்கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"அவரு ஒண்ணுமே சொல்லல, நல்ல மனுசன். 'வெயிலு கண்ணு, ஊட்டுல இரு'ன்னாரு. பல்லும் போச்சு, வேலையும் போச்சு!" என்று கையைத் தட்டினாள். எண்ணெய்க் கையாதலால் சத்தம் வரவில்லை.

ராவுத்தர் அவளை மறந்துவிடவில்லை. படம் எடுத்த அன்றே அவள் அப்பாவிடம், "இது என் குழந்தை மாதிரி. வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு இதுக்குப் பாவாடை என்னுது" என்று வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். முதல் வருஷம் பாவாடை வந்தது. லேபிளில் இருக்கும் அதே பச்சை, அதே சிவப்புக் கரை. இரண்டாம் வருஷமும் வந்தது, கொஞ்சம் பிடித்தது. மூன்றாம் வருஷம் இடுப்பில் ஏறவில்லை. மண்டிக்குப் பக்கத்திலிருந்த தையற்காரர் முதன்முதல் வெட்டிய அளவுக் காகிதத்தை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். ஒவ்வோர் ஆடிக்கும் அதை எடுத்துத் துணிமேல் வைத்து வெட்டுவார். ராவுத்தர் தினமும் பார்த்துக்கொண்டிருந்த முகமும் லேபிளில் இருந்த முகந்தான். அது வளரவில்லை.

"அளவு பத்தலைன்னு சொல்லியனுப்பக் கூடாதா?" என்று என் அம்மா கேட்டாள்.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, அம்மிணி! குடுக்கற கையிகிட்ட கொறை சொல்லுவாங்களா யாராச்சும்?"

அந்த மலைக்காரர்களை அறிந்தவர்களுக்கு அது புரியும். அவள் அப்பா சொல்லவில்லை. கல்யாணமான பிறகு புருஷனும் சொல்லவில்லை. பாவாடை வந்துகொண்டே இருந்தது. அவளுக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள். ஒரு வருஷம் சின்னவனுக்கு அதைக் கட்டிவிட்டுப் பார்த்தாளாம். அவன் கழற்றி எறிந்துவிட்டு அம்மணமாகக் காட்டுக்குள் ஓடிப் போய், பொழுது சாயும்வரை வரவில்லையாம். அதிலிருந்து ஊரில் எந்த வீட்டுப் பெண்குழந்தைக்கு அளவு சரியாக இருக்கிறதோ அதற்குப் போய்விடும். வளர்ந்துவிட்டால் அடுத்த குழந்தைக்கு மாறும். என் தங்கையும் ஒன்று கட்டினாள். ஆடிப் பதினெட்டன்று அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனால், ஒன்று புதிதாக, ஒன்று வெளுத்து, ஒன்று ஒட்டுப் போட்டதாக, கூட்டத்தில் அங்கங்கே அதே பச்சைப் பாவாடையில் சின்னஞ்சிறு பெண்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். கீழேயிருந்து வந்த வாத்தியார் ஒருவர் என் அப்பாவிடம், "இந்த மலையில் பெண்குழந்தைகளுக்குப் பச்சைதான் கட்ட வேண்டுமென்று ஐதீகமோ?" என்று கேட்டார். அப்பா ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார்.

நாங்கள் மலைக்குப் போன இரண்டாம் வருஷம் பெரிய ராவுத்தர் காலமானார். அக்கா மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. அந்த ஆடிக்குப் பாவாடை வராது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவருடைய மகன் வந்தார். திருச்சியில் மாமன் வீட்டில் வளர்ந்தவர். மண்டியை ஏற்றுக்கொண்டு, மிளகுத் தோட்டங்களைப் பார்க்க மலையேறியிருந்தார். கையில் காகிதப் பொட்டலம். விசாரித்துக்கொண்டு வந்து அக்காவின் வாசலில் நின்றார். நான் உள்ளே அவளோடு சாமை புடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, சீசாப் பாப்பா ஊடு இதுதானுங்களா?"

"ஆமாங்க" என்று அக்கா எழுந்து போனாள்.

"அத்தா கடைசியாச் சொன்னதுலே இதுவும் ஒண்ணு. ஆடிக்குப் பாப்பாவுக்குப் பாவாடை போயிரணும்னாரு." பொட்டலத்தைப் பிரித்தார். பச்சை, சிவப்புக் கரை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாகக் கேட்டார்: "பாப்பா எங்கம்மா?"

நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அக்கா பாவாடையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வெளையாடப் போயிருக்குதுங்க" என்றாள். "வந்ததும் கட்டி உடறேன். மோரு குடிச்சுட்டுப் போங்க, தம்பி."

அவர் மோர் குடித்துவிட்டு, பாப்பாவுக்கென்று கொஞ்சம் மிட்டாயும் கொடுத்துவிட்டுப் போனார்.

"நான்தான்னு ஏன் அக்கா சொல்லல?"

"சொன்னா அந்தத் தம்பிக்குச் சங்கட்டமாப் போயிருமே, கண்ணு. பாவாடையும் நின்னு போயிரும். அத்தனை குஞ்சுக எதை உடுத்தும்?" மிட்டாயில் ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றை எனக்குத் தந்தாள். கொஞ்சநேரம் புடைத்த பிறகு, "அவரு பாக்க வந்தது என்னையா என்ன?" என்றாள். அதில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அன்று அவள் புடைத்த சாமையில் உமி அப்படியே இருந்தது.

இதற்கு அடுத்த வருஷந்தான் காப்பி வியாபாரி ஒருவர் போட்டோக்காரரோடு மலைக்கு வந்தார். காப்பிப் பொடி டப்பாவுக்கு ஒரு மலைக்குழந்தையின் படம் வேண்டுமாம். பாரஸ்டு பங்களாவில் தங்கினார்கள், ஏற்பாடெல்லாம் என் அப்பா. எங்கள் வீட்டு வரிசையில் கடைசி வீட்டுச் செல்லியைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு வயது, மை தீட்டியது போலக் கண்கள். செல்லியின் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேராக அக்காவிடம் ஓடி வந்தாள். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியும், நீயே வந்து சோடிச்சு உடு."

அக்காவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செல்லியைத் தானே குளிப்பாட்டினாள். சீயக்காய் கண்ணில் படாமல் நெற்றியில் கையை அணை கட்டினாள். ஆடிக்கு வந்த புதுப் பாவாடையைக் கட்டிவிட்டாள். மடியில் உட்கார வைத்துத் தலையை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். "இப்படி... ரொம்ப வேண்டாம்... பூ வெச்சா கீழ உழாத அளவுக்கு. ஆமா, எஞ்சாமி!" செல்லிக்கு விளையாட்டாக இருந்தது. சாய்த்துச் சாய்த்துக் காட்டினாள். நான் எட்ட நின்று பார்த்தேன், எனக்குக் கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருந்தது.

எங்கள் வீட்டுக்கு எதிரே வெட்டவெளியில் முக்காலி போட்டுச் செல்லியை உட்கார வைத்தார்கள். கையில் சின்னக் காப்பித் தம்ளர். ஊரே கூடிவிட்டது. மேற்கேயிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. "படம் விழும் கண்ணாடித் தட்டு இந்த ஒன்றுதான் பாக்கி, வெளிச்சமும் போய்க்கொண்டிருக்கிறது" என்று போட்டோக்காரர் அவசரப்பட்டார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே வந்து தட்டைச் செருகினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"அசையாதே, பாப்பா" என்றார்.

செல்லி தலையைச் சாய்த்தாள். அவர் காமிராவின் மூடியைக் கழற்றினார். என் பக்கத்தில் நின்றிருந்த அக்கா நடக்க ஆரம்பித்தாள். ஓடவில்லை, கத்தவில்லை. கிணற்றடிக்குப் போகிறவள் போல நிதானமாகப் போய், காமிராவுக்கும் செல்லிக்கும் நடுவே புகுந்து, அந்தப் பக்கம் போய் நின்றாள். அவ்வளவுதான். தட்டு வீணாகிவிட்டது. போட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பனி வந்து எல்லாவற்றையும் மூடியது. காப்பி வியாபாரி மறுநாளே இறங்கிப் போய்விட்டார். பிறகு ஏற்காட்டில் ஒரு குழந்தையைப் பிடித்தார்கள் என்று அப்பா சொன்னார்.

செல்லியின் அம்மா அக்காவின் எதிரே வந்து நின்றாள். "ஏண்டி, உம் மூஞ்சி மட்டும் ஊரூராச் சீசாவுல போகோணும், எம்புள்ள மூஞ்சி ஒரு டப்பாவுல வரக் கூடாதா? பொறாமை புடிச்சவளே!"

கூடியிருந்த எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். எல்லாருடைய கண்ணும் அவள்மேல் இருந்தால் என்ன ஆகும்? அவள் தலை இடப்பக்கமாகச் சாய்ந்தது. மோவாய் உயர்ந்தது. உதட்டில் லேபிளில் இருக்கும் அதே சிரிப்பு. செல்லியின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இப்பவும் பாரு, எப்படி நிக்கறா!" என்று மண்ணை வாரி இறைத்தாள். அக்கா அசையவில்லை. அம்மாதான் போய் அவள் முகத்துக்கு நேரே நின்று, எல்லாருக்கும் மறைத்துக்கொண்டு, கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

மறுநாள் கேட்டேன். "ஏன் அக்கா போனே?"

"தெரியல கண்ணு. காலு தன்னால போயிருச்சு." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தாள். "நீ கிட்டத்துல நின்னியே, செல்லி கையில எறும்பு எதுவும் ஏறலியே?"

தம்ளர் காலியாகத்தான் இருந்தது, எறும்பு இல்லை என்றேன். தலையாட்டினாள். அப்படியானால் குழந்தையைக் காப்பாற்றத்தான் போயிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். ஆனால் சில நாட்கள் கழித்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, ஆபீஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"குமாஸ்தா ஐயா, அந்தத் தட்டுல நான் உழுந்திருப்பனுங்களா?"

அப்பா யோசித்தார். "நீ நடந்துகொண்டிருந்தாயே. உருவம் விழாது. புகை மாதிரிதான் இருக்கும்."

"பொகை மாதிரியா... செரிங்க" என்று போய்விட்டாள்.

அவள் போகிற வழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முடிவு அன்றே கலைந்துபோயிற்று. இந்த வருஷங்களில் எத்தனையோ முறை அதைத் திரும்பக் கட்டிப் பார்த்திருக்கிறேன், நிற்கவில்லை.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் இறங்கினோம். பாதை கீழே இறங்கத் தொடங்கும் இடம்வரை அக்கா வந்தாள். தங்கையை முதுகில் சுமந்து வந்தாள். அங்கே என் கையில் ஒரு துணிச்சுருளைத் திணித்தாள். அந்த ஆடிக்கு வந்த பாவாடை, கட்டாத புதுசு.

"எனக்குப் பத்தாதே அக்கா."

"உனக்கா? உனக்கொண்ணு பொறக்கும் பாரு, அதுக்கு."

பெரியவர்கள் சிரித்தார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இறங்க ஆரம்பித்தோம். முதல் திருப்பத்தில் நின்று நான் திரும்பிப் பார்த்தேன். மேலே அவள் தனியாக நின்றாள், தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கையை ஆட்டினேன். அவளுக்குக் கை தூக்க முடியவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேனே. அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "போதும், பார்க்காதே. அவள் வீட்டுக்குப் போகட்டும்."

அந்தத் தேன் சீசாவில் இப்போது தேனீப் படம் போட்டிருக்கிறார்கள். அக்கா எங்கே, எப்படி இருக்கிறாளோ தெரியாது. மலைக்குப் போய்க் கேட்டு வரும் சௌகரியம் எனக்கு இல்லை. கேட்டாலும், 'தெரியல கண்ணு' என்றுதான் சொல்லுவாள்.

போன வாரம் பெட்டியிலிருந்து அந்தப் பாவாடையை எடுத்தேன். மடிப்பில் இன்னும் மிளகு வாசனை இருந்தது. மகளுக்குக் கட்டிப் பார்த்தேன். அளந்து தைத்தது போல இருந்தது. நாடாவை முடிய விடாமல் அவள் நெளிந்தாள், சுற்றினாள். "அசையாதே, சாமி" என்றேன். சொன்ன பிறகு நாடாவை முடிய எனக்குக் கை வரவில்லை. அவள் காத்திருக்கவில்லை. அவிழ்ந்த பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கோழியைத் துரத்தக் கொல்லைப்புறம் ஓடிவிட்டாள்.

ஆவணியில் போட்டோக்காரர் வருகிறார். என் கணவர் என் பதிலுக்குக் காத்திருக்கிறார், அவரை நான் குறை சொல்ல முடியாது. மாமியார் நாள் பார்த்துவிட்டார். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் தாய்மார்களில் யாராவது தங்கள் குழந்தையை இப்படிப் படத்துக்கு உட்கார வைத்திருப்பீர்கள். சிலர் சிறுவயதில் நீங்களே உட்கார்ந்திருக்கவும் கூடும். எல்லாரும் உங்களையே பார்த்த அந்த நாள் பிறகு உங்களுக்குச் சந்தோஷமாக இருந்ததா, பாரமாக இருந்ததா? என் அக்கா அன்று எதற்காக நடந்து போனாள் என்று உங்களுக்குத் தோன்றுகிறது? தயவுசெய்து, ஆடி முடிவதற்குள் எனக்குச் சொல்லுங்கள்.